பன்னிரண்டு புள்ளி ஆறு

செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள்
விடியற்காலை ஐந்தரைக்கே
ஊத்தான் மெலிந்தாங் முச்சந்தியைக் குலுக்கிவிட்டுப் போகும்.
போகாத லோரி என் கடைக்கு வரும்.
வராது. இழுத்து வரப்படும்.

மூட்டும் பேட்டரி வேறு, தாங்கும் பேட்டரி வேறு.
பத்தொன்பது வருஷமாய் இதைத்தான்
இந்த மேசைக்குப் பின்னால் நின்று சொல்கிறேன்.
முதல் வகைக்குத் தகடு மெல்லிசு, எண்ணிக்கை அதிகம்.
சாவி திருகிய மூன்று நொடியில்
கையிலிருப்பதைக் கொட்டிவிட்டு
மிச்ச நாளெல்லாம் எஞ்சின் தயவில் பிழைக்கும்.
மற்றதற்குத் தகடு தடிப்பு.
ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுக்கும்.
அதையும் பாதிக்கு மேல் உறிஞ்சாதே என்றால்
"அப்ப பாதி விலைக்குக் குடு"
என்று மலாயில் பேரம் பேசுவான் ஆ செங்.

அவன் படகில்
வலை விளக்கு, மீன் காட்டும் திரை, தண்ணீர் இறைக்கும் பம்பு
எல்லாமே ஒரு லோரி பேட்டரியின் தலையில்.
ஒரு நாள் பெர்ணம் ஆற்று வாயில்
எல்லாம் ஒன்றாய் அவிந்து
வற்றுநீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு போக,
நள்ளிரவு மூன்று மணிக்கு
அவன் முதலில் அழைத்தது கடல் போலீசை அல்ல,
என்னை.
திட்டுவதற்கு.

தண்ணீர் விடச் சொன்னால்
குழாயைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.
ஆசிட் ஊற்றுகிறவர்களும்.
வடித்த நீர்தான், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு,
தகடு மூழ்கினால் போதும், கழுத்துவரை வேண்டாம்.
முனையில் பச்சையாய் உப்புப் பூத்தால்
சோடா மாவு, வெந்நீர், பழைய பல் பிரஷ்,
காய்ந்ததும் ஒரு விரல் வாசலின்.
கழற்றும்போது கறுப்பு முதலில்,
மாட்டும்போது கறுப்பு கடைசியில்.
இவ்வளவும் செய்து
இந்த ஊர் வெயிலில் மூன்று வருஷம் தாண்டினால்
அது யாரோ வைத்த நேர்த்திக்கடன்.

சவரிமுத்து லோரிக்கு இருபத்துநான்கு வோல்ட்,
பன்னிரண்டும் பன்னிரண்டும் கைகோத்து நிற்கும்.
"ஒண்ணுதான் செத்துச்சு, ஒண்ண மட்டும் மாத்து."
முடியாது என்றேன்.
பழசோடு புதுசைக் கட்டினால்
ஒன்று பசியில் கிடக்கும், ஒன்று கொதித்து வற்றும்,
ஆறு மாதத்தில் இரண்டும் என் வாசலில்.
"உன் வீட்டுக் கதையாட்டம் இருக்கே" என்று சிரித்தான்.
என் வீட்டில் எதையும் மாற்றவில்லை.
ஒன்றைக் கழற்றி வெளியே வைத்தேன்.
பன்னிரண்டிலேயே ஓடுகிறது.
அவனிடம் சொல்லவில்லை.
இரண்டுக்கும் பில் போட்டேன்.

குழந்தைவேலு சார் மட்டும்
மாதம் பிறந்தால் தவறாமல் வருவார்,
கப்சாய் மோட்டாரில் கால்களுக்கு நடுவே
பேட்டரியை உட்காரவைத்துக்கொண்டு.
தோட்டப் பள்ளியில் வேலை முடிந்த பணத்தில்
பழைய வேன் வாங்கி
கட்டில், காற்றாடி, குட்டி ஐஸ்பெட்டி போட்டார்.
திரங்கானு, கோத்தா பாரு என்று பட்டியல் இருந்தது.
தவமணியம்மாவுக்குச் சிறுநீரகம் நின்றது அதே வருஷம்.
வாரம் மூன்று முறை தெலுக் இந்தான்,
அதற்குக் கார் போதும்.
வேன் மூன்று வருஷமாய்ப் போர்ச்சில்.

ஓடாத வண்டிக்கும் பேட்டரி சாகும், சார்,
சும்மா இருப்பதிலேயே தகட்டில் வெள்ளை படியும்
என்று சொன்னவள் நான்.
அன்றிலிருந்து கொண்டுவருகிறார்.
மீட்டர் வைப்பேன். பன்னிரண்டு புள்ளி ஆறு.
தலையாட்டிக்கொண்டு போவார்.
மூன்று வருஷம், அதே எண்.

இந்த மாதம் பதினொன்று புள்ளி ஒன்பது.
முனையைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன்.
அதுவேதான்.
"என்ன சார், கவனிக்கலையா?"

"நேத்து ராத்திரி வேன்லதான் படுப்பேன்னுட்டா.
காத்தாடி, லைட்டு, ரேடியோ எல்லாம் போடச் சொன்னா.
விடியற வரைக்கும் அணைக்க விடல."

பாதிக்கு மேல் உறிஞ்சக்கூடாது என்பது
நுனிநாக்குவரை வந்தது.
"எதுவரைக்கும் போனீங்க சார்?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
மீட்டரை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்.
"தூரம்தான்" என்றார்.

ஏற்றுகிற வேகத்தைக் குறைத்து வைத்தேன்.
நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன்.
நாளைக்குத் தெலுக் இந்தான்.